ராஜகுமாரனுக்கு அம்மா இல்லையா?

“ஃபாக்டரி காலனியில ராஜகுமாரிக்கு என்னம்மா வேலை?” என்று பேராசிரியர் கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆய்வுக்கு இடம் கேட்டு நேர்முகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்லும் ராஜகுமாரி கதைகளைச் சேகரிக்கப் போகிறேன் என்றதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மாதிரிக் கதைகள் கிராமத்தில்தான் கிடைக்கும், நாங்கள் இருக்கும் குஷாய்குடாவில் சைரனும் ஷிஃப்டும்தான் கிடைக்கும் என்றார். “முதல் தலைமுறையா படிச்சு வந்திருக்கே. உருப்படியா ஒண்ணு எடுத்துக்கோயேன்” என்று அக்கறையோடு சொல்லி அனுப்பினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது, பெருமையாகவே சொல்வேன். என் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டு அப்பா வாசல் கதவில் மாட்டிய பலகை பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் தொந்தரவாகக்கூட இருந்திருக்கும். அப்படிப்பட்ட நான் அன்று பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது. அது வாக்கியமாக வரவில்லை. ஒரு தண்ணீர்க் குழாயாக வந்தது.

அப்போது எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் அப்பா பெயின்ட் ஷாப்பில் ஹெல்பர். ஃபாக்டரி மதிலுக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவில் கட்டியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். வரிசைக்கு ஒரே குழாய். விடிகாலை சைரன் ஊதியதும் தண்ணீர் வரும். எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவற்றின் மேலேயே கண்ணை வைத்து நிற்பார்கள். குடத்தை ஒரு ஜாண் நகர்த்தினாலும் சண்டை. தெலுங்கில் ஆரம்பித்து, இந்தியில் ஏறி, தமிழில் முடியும் சண்டைகள்.

அந்த வரிசையில் என் குடம் மட்டும் எப்போதும் முன்னால் போகும். காரணம், நான் கதை சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் டீச்சர் படக்கதைப் புத்தகம் ஒன்றைக் காட்டி வாசிப்பார். இங்கிலீஷில் வாசித்துத் தெலுங்கில் விளக்குவார். அதை நான் தமிழில் குழாயடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். புத்தகத்து ராஜகுமாரிக்கு மஞ்சள் தலைமுடி. குழாயடியில் அது எடுபடாது என்று எனக்கே தெரிந்ததால் கறுப்பாக்கி, ஜடை பின்னி, கனகாம்பரம் வைத்தேன். அவள் இருந்த கோபுரத்தை, எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் மௌலாலி மலை உச்சியில் நிறுத்தினேன். கதை விறுவிறுப்பாகும் இடத்தில் என் குடத்தின் முறை இன்னும் வரவில்லையே என்று ஒரு பார்வை பார்ப்பேன். உடனே யாராவது அதைத் தூக்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள்.

கதை இதுதான். ஒரு ராஜா தன் மகளைக் கட்டிக்கொடுக்க ஒரு பந்தயம் வைக்கிறார். ஏழு மலைக்கு அப்பால் இருக்கும் சுனையிலிருந்து தங்கக் குடத்தில் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் யார் கொண்டு வருகிறானோ அவனுக்குத்தான் ராஜகுமாரி.

முதல் நாள் இதைச் சொன்னதும் குழாயடியே சிரித்தது.

“ஆம்பள தண்ணி தூக்கறானா? ஏழு மலை தாண்டியா?” என்று வாரங்கல் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரி. எங்களோடு பழகித் தமிழ் பேசுவாள். “எங்க வீட்டு ராஜகுமாரன் சொம்பு எடுத்துட்டு வாசல் கூட தாண்டறதில்ல!”

கடைசி வீட்டில் இருந்த முஸ்லிம் அம்மாளை நாங்கள் எல்லாரும் அவர்கள் பாஷையில் காலா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். காலா சிரிக்காமல், “ஹவ், ஹவ். அப்படிப்பட்டவனுக்குத்தான் பொண்ணு குடுக்கணும். ஆகே போல் பேட்டி” என்றாள். ஹவ் என்றால் ஆமாம்; ஆகே போல் என்றால் மேலே சொல். நான் சொன்னேன்.

இந்தக் கதை குழாயடியில் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. என் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அரக்கோணத்தில் ரயில்வே ஷெட்டில் வேலை. நல்ல இடம். தாத்தாவும் பாட்டியும் முன்பே போய்விட்டதால் அத்தையைக் கரையேற்றும் பொறுப்பு அப்பாவுடையது. வருகிற தையில் கல்யாணம் என்று பேச்சு.

அத்தை ஃபாக்டரி கேன்டீனில் தினக்கூலி. சப்பாத்தி தேய்ப்பாள், வெங்காயம் நறுக்குவாள். இன்னும் ஒரு வருடம் விடாமல் வேலை பார்த்தால் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள். தையில் அரக்கோணம் போனால் அதோடு எல்லாம் போயிற்று. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாராலும் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

அத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்பா சாப்பிட்ட கையோடு நிமிர்ந்தார். “பொண்ணு கேட்டு வந்தவங்கள ஒரு வருசம் நில்லுன்னா இன்னா சொல்வாங்க? தங்கச்சி கூலியில ஒக்காந்து துன்றான்னு சொல்வாங்க. எனக்கு அந்தப் பேரு வேணாம்” என்றார். அத்தை அம்மாவிடம் போய், “நீங்களாவது சொல்லுங்க அண்ணி” என்றாள். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “நான் சொன்னா, நாத்தனார் சம்பளத்துமேல எனக்குத்தான் ஆசைன்னு ஆவும். என் தலையிலதான் விடியும், போ” என்றாள்.

இரண்டு பேச்சும் என் காதில் விழுந்தன. விழுந்ததோடு சரி. எனக்கு என் ராஜகுமாரியைப் பற்றிய கவலை.

அத்தைதான் தினமும் எனக்குத் தலை பின்னுவாள். ஒருநாள் சீப்பால் வகிடு எடுத்துக்கொண்டே, “அந்த ராஜகுமாரி பகலெல்லாம் இன்னா செய்வா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் செய்யமாட்டா. ஜன்னல்ல நிப்பா.”

“ஏழு மலை தாண்டி அவன் வர்ற வரைக்கும் நின்னுகினே இருந்தா காலு வலிக்காதா? அவளுக்கு ஒரு வேல குடு.”

“புக்குல அப்படி இல்ல அத்தை.”

“புக்கு எழுதினவங்க குழாயடிக்கு வர்றாங்களா? குடு.”

அப்படித்தான் என் ராஜகுமாரிக்கு அரண்மனை விளக்குகளை ஏற்றும் வேலை கிடைத்தது. மறுநாள் தலை பின்னும்போது இன்னொன்று சேர்ந்தது. ஒரு வருடம் ஒரு நாளும் தவறாமல் விளக்கேற்றினால் விளக்கு மண்டபத்தின் சாவி அவளுக்கே சொந்தம்; அதற்குப் பிறகு ராஜாவே கேட்டாலும் திருப்பித் தர வேண்டாம். குழாயடிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும் பிடித்தது, ஏனென்றால் கதை நீண்டது. நானே யோசித்துச் சேர்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

சிக்கல் அதற்கடுத்த நாள்தான் வந்தது. அத்தை ஜடையை இறுக்கி முடிந்துவிட்டு, “ராஜகுமாரன் தண்ணியோட வந்துட்டான்னு வெச்சிக்க. சாவி இன்னும் கைக்கு வரல. அவ இன்னா பண்ணணும்? இன்னிக்கி அங்க கேட்டுப் பாரு” என்றாள்.

கேட்டேன். குழாயடி இரண்டாகப் பிரிந்தது.

“பெள்ளி, கல்யாணமே இல்லாத கதையா? தண்ணி கொண்டாந்தவன நிக்க வெக்கறதா?” என்றாள் வாரங்கல் அக்கா. “முதல்ல தாலி. அப்புறம் விளக்கு, கிளக்கு எல்லாம்.”

“நக்கோ!” என்றாள் காலா. “ஷாதி அபீ நக்கோ, கல்யாணம் இப்ப வேணாம். சாவி ஹாத்தில வரட்டும். அத்தனை மலை ஏறினவன் ஒரு வருஷம் உக்கார மாட்டானா?”

“அவ அழகு ஒரு வருஷத்துல குறைஞ்சுட்டா?”

“சாவி இருந்தா அழகு குறையாது” என்றாள் காலா. எல்லாரும் சிரித்தார்கள். குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. நாலைந்து நாட்கள் இதே சண்டை. கதை அங்கேயே நின்றுவிட்டதில் எனக்கு ஆத்திரம். ஆனால் நாளாக ஆக காலாவின் பக்கம் ஆள் சேர்ந்தது. வாரங்கல் அக்காவே கடைசியில், “சரி, நிக்கட்டும். ஆனா ராஜா கிட்ட யார் சொல்லுவாங்க?” என்று இறங்கிவந்தாள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு குனிந்து குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பூ வைக்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார். ஆள் உயரம், பெரிய குங்குமப் பொட்டு, கையில் ஒரு மஞ்சள் பை நிறைய அரக்கோணத்து வாழைக்காய். அன்று இரவு எங்கள் வீட்டில் தங்கினார். மறுநாள் விடிந்ததும் நல்ல நேரத்தில் பூ வைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறாது.

விடிகாலை சைரன் ஊதியதும் அந்த அம்மாள் எழுந்து ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அம்மா பதறிப்போனாள்.

“ஐயோ, வெச்சிடுங்க சம்மந்தியம்மா! விருந்தாளி தண்ணி தூக்கறதா?”

“வூட்டுக்குள்ள எல்லாப் பொண்ணும் நல்ல பொண்ணுதான். குழாயடியில பாத்தாதான் தெரியும்” என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பாதி வழியில் குனிந்து என் காதில், “இன்னிக்கு முடிவ சொல்லிடு. ஒரு வருசம் நிக்கச் சொல்றா ராஜகுமாரி. சரியா?” என்றாள்.

அன்று எனக்குப் புதிய ஆள் கேட்கிறார் என்ற உற்சாகம். கதையை முதலிலிருந்து சுருக்கிச் சொல்லி, ராஜகுமாரனை ஏழு மலையும் ஏற்றி இறக்கி, தங்கக் குடத்தோடு மௌலாலி அடிவாரத்தில் நிறுத்தினேன். மேளம் அடிக்கிறது. ராஜா மாலையோடு நிற்கிறார். “அப்ப ராஜகுமாரி படியிறங்கி வந்து, ‘நான் உங்களைத்தான் கட்டிக்குவேன். ஆனா எனக்கு ஒரு வருஷம் வேணும். விளக்கு மண்டபத்துச் சாவி வாங்கணும்’ அப்படின்னு சொன்னா.”

“ஷாபாஷ்!” என்றாள் காலா.

அரக்கோணத்து அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். “நில்லு பாப்பா. அந்த ராஜகுமாரனுக்கு அம்மா இல்லியா?”

புத்தகத்தில் அம்மா இல்லை.

“இருக்காங்க” என்றேன்.

“எங்க?”

“அரண்மனையில.”

“இன்னா பண்ணிகினு கீறாங்க?”

எனக்குத் தெரியவில்லை.

“புள்ள ஏழு மலை தாண்டித் தண்ணிக்குப் போனான். பெத்தவ துன்னாளா, தூங்கினாளா, உன் கதையில ஒரு வார்த்த இல்ல. இப்ப இன்னொரு வருசம் நிக்கணும்ன்றா உன் ராஜகுமாரி. சரி, நிக்கட்டும். வருசம் கழிச்சி? விளக்க எறக்கி வெச்சிட்டு அவன் ஊருக்கு வருவாளா?”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை குழாய்க்கு அடியில் குடத்தைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், தண்ணீரிடம் சொல்வதுபோல, “சாவி வந்தப்புறம் எப்படி எறக்கி வெக்கறது? ராஜகுமாரன் குதிரைய இங்க கொண்டாந்து கட்டலாம். மௌலாலியிலயும் லாயம் இருக்கு” என்றாள்.

“சும்மா கட்ட முடியுமா?” என்றார் அந்த அம்மாள். “இங்கருந்து ஒரு குதிர அங்க போனாத்தான் அங்கருந்து ஒண்ணு இங்க வரும்.”

“எங்க சின்ன அண்ணன் வேலை செய்ற மௌலாலி ரயில்வே ஷெட்டுல ஒரு அரவப் பையன் இருக்கான்” என்று வாரங்கல் அக்கா சட்டென்று குறுக்கே புகுந்தாள். அரவம் என்றால் அவர்கள் பாஷையில் தமிழ். “அம்மா ஊருக்குப் போகணும்னு தினம் அழுவறான்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கதையில் அப்படி ஒரு பையன் கிடையாது. குதிரைக்கு எதிர்க்குதிரையும் கிடையாது. என் கையிலிருந்து கதையைப் பிடுங்கி இவர்கள் இஷ்டத்துக்கு இழுக்கிறார்கள்.

“அப்ப அந்த அம்மா?” என்றார் அரக்கோணத்து அம்மாள், விடாமல். இப்போது அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. “ஒத்தப் புள்ளையும் குதிரையோட இங்க வந்துட்டா, அவ அங்க தனியா இன்னா பண்ணுவா?”

அத்தை முதல்முறையாக நிமிர்ந்தாள். குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது.

“ராஜகுமாரி நின்ன ஜன்னல் காலியாத்தான இருக்கு. அவதான் விளக்கேத்தப் போயிடறாளே. அந்தம்மா வந்து அங்க ஒக்காரட்டும்” என்றாள்.

அந்த அம்மாள் குனிந்து, அத்தையின் நிரம்பிய குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தார். “தண்ணி நின்னுடப் போவுது” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தோம். தாம்பாளத்தில் பூவும் பழமும் தயாராக இருந்தன. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் அத்தையின் தலையில் பூவை வைத்தார். வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பி, “ஒரு விசயம். கல்யாணம் இந்தத் தையில வேணாம், அடுத்த தையில வெச்சிக்கலாம். திருத்தணி முருகனுக்கு எனக்கு ஒரு வேண்டுதல் கீது. அது முடிக்காம மருமவள வூட்ல சேக்க மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

அப்பாவின் தோள் இறங்கியது. “சாமி காரியம்னா இன்னா பண்றது… உங்க இஷ்டம்” என்றார். கவலைப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார்; சரியாக வரவில்லை. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்கு மட்டும் ஏமாற்றம். தையில் கல்யாணம் என்றால் எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். யாரோ ஒரு சாமியால் அது ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டதே என்று முருகன்மேல் கோபமாக இருந்தேன். குழாயடியில் கதையைக் கெடுத்தவர்கள்மேல் இன்னும் கோபம். மறுநாள் தலை பின்னும்போது, “இனிமே புக்குல இருக்கறபடிதான் சொல்வேன்” என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அத்தை என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். அது எதற்கு என்றும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆவணியில் அத்தை பெர்மனென்ட் ஆனாள். தையில் கல்யாணம் நடந்தது. மௌலாலி ஷெட்டில் அழுதுகொண்டிருந்த பையன் அரக்கோணம் போனான். மாமா இங்கே வந்தார். ரயில்வேயில் இப்படி இருவர் இடம் மாற்றிக்கொள்வதற்கு வழி உண்டு என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். குதிரையும் எதிர்க்குதிரையும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அத்தைக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் மாமாவின் அம்மாவும் வந்து சேர்ந்தார். முன்னறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் விசாரித்துக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறார்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடாமலே இருந்திருக்கிறது என்பதே, பேராசிரியரிடம் போய்வந்த அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை ஷிஃப்டில் இருந்தாள். ஜன்னலோரத்தில் அந்த அம்மாள் இருந்தார். நேர்முகத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு, “ஆயா, அந்தத் திருத்தணி வேண்டுதல் என்ன? நீங்க அதை முடிச்சு நான் பாக்கவே இல்லையே” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“முருகனுக்கு அன்னிக்கே தெரியும். இவ்ளோ படிச்சிட்டு நீதான் லேட்டு” என்றார்.

பேராசிரியருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. ஃபாக்டரிக்குப் பின்பக்கம் புதிதாக முளைத்திருக்கும் வரிசை வீடுகளில் இன்னும் பொதுக்குழாய்தான். நேற்று விடிகாலை அத்தையின் பழைய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். வரிசையின் கடைசியில் வைத்தேன். எந்த வீடு, புதுசாக் குடி வந்திருக்கியா, இங்கே ஏன் வந்தே என்று மூன்று பாஷையில் கேட்டார்கள். “ஒரு ஊர்ல ஒரு ராஜகுமாரி. அவளுக்கு விளக்கேத்தற வேலை” என்று ஆரம்பித்தேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் குடத்தைத் தூக்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.